வடிக்காத தண்ணீர்

உருளைக்கிழங்கை நிறையப் பேர் தோலோடு முழுசாக அவிக்கிறார்கள். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு என்றால் தோல் சீவி, சின்னதாக வெட்டி, தாராளமாகத் தண்ணீர் விட்டு அவித்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். அதன் பிறகுதான் கறி வைக்க வேண்டும். கீரைக்கும் பூசணிக்கும் இதேதான். காய்கறியில் பொட்டாசியம் என்று ஒரு சத்து இருக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் தேங்கித் தேங்கி ஒரு நாள் இதயத்தை நிறுத்திவிடும். போசணையும் உணவுமுறையும் பற்றிய பட்டப்படிப்பில் இரண்டாம் வருடப் பாடம் இது. எனக்குப் பிடித்த பாடம்.

தமிழிலேயே எழுதித் தரலாம், சிங்களத்தில் மாற்றிக்கொள்வோம் என்றீர்கள், மேடம். நன்றி. சிங்களம் எனக்கு நன்றாக வரும். ஆனாலும் அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தமிழ்தான் வருகிறது.

என் பெயர் விஜயகலா. தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், குடியிருக்கிறோம். அப்பா மூக்கையா அங்கே கங்காணியாக இருந்தவர். அம்மா சுப்பம்மா இன்றைக்கும் பால் வெட்டுகிறார். எங்கள் டிவிஷனிலிருந்து கெம்பஸ் போன முதல் பிள்ளை நான். போகிற அன்று அப்பா என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுவரை நடந்தார். வழியில் கண்டவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், "மக சாப்பாட்டு டாக்டருக்குப் படிக்கப் போறா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அந்த மனிதரை நான் முழுசாக நம்பினேன். அதை நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் வருடம் தொடங்கும்போது அப்பாவின் சீனி வியாதி சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. அம்மா விடியற்காலையிலேயே பால் வெட்ட மலைக்குப் போய்விடுவார். அவித்து வடித்துச் சமைக்க அவருக்கு ஏது நேரம்? ஒரு வருடம் லீவு போட்டுவிட்டு வா, கொஞ்சம் தேறியதும் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்பா கேட்டார். முறைப்படி லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். அலுவலகத்தில் தொடர்புக்கு ஒரு நம்பர் கேட்டார்கள். லயத்துக்குள் என் ஃபோனுக்கு சிக்னல் கிடைக்காது, அப்பாவின் பட்டன் ஃபோனுக்குத்தான் கிடைக்கும். அவருடைய நம்பரைக் கொடுத்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் கொடுப்பார்கள். அப்பாவின் நம்பரைக் கொடுப்பதற்கு யாராவது யோசிப்பார்களா?

நான் நன்றாகச் சமைத்தேன், மேடம். தற்பெருமை இல்லை. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தவர்களே ஆச்சரியப்பட்டார்கள். அப்பா மட்டும் முகம் சுளித்துக்கொண்டு சாப்பிடுவார். உப்பில்லை, சாரமில்லை, இதை மாட்டுக்கு வைத்தால்கூடத் திரும்பிப் பார்க்காது என்பார். அவர் ஏங்கியது தம்பிலிக்குத்தான். ரோட்டோரத்தில் செவ்விளநீர்க் குலை தொங்குவதைக் கண்டால் பஸ்ஸுக்குள்ளிருந்தே திரும்பித் திரும்பிப் பார்ப்பார். தம்பிலியிலும் அந்தச் சத்து நிறைய. நான் ஒரு மிடறுகூட விடவில்லை.

கரவனெல்லைக்குக் கிளினிக் போன ஒரு நாள், மருந்து எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன். நர்ஸ் அப்பாவிடம், மகள் படிப்பை எப்போது முடிப்பாள் என்று சிங்களத்தில் கேட்டார். நான் பின்னால் நிற்பது அப்பாவுக்குத் தெரியாது. கெம்பஸிலிருந்து இரண்டு தடவை ஃபோன் கோல் வந்தது, கல்யாணம் பேசிவிட்டோம் இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன், அவள் போய்விட்டால் எனக்கு யார் சமைத்துப் போடுவது என்று அப்பா சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நர்ஸும் சிரித்தார். அந்தக் கோலுக்காகத்தான் நான் தினமும் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன், என் ஃபோனுக்கும் அழைப்பார்களோ என்று. மறுபடி சேர்வதற்கான பதிவுத் திகதியும் அதற்குள் முடிந்துபோயிருந்தது. அலுவலகத்தில் நீயே கேட்டிருக்கலாமே என்றீர்கள். முடிந்துபோனதைக் கேட்டு என்ன செய்ய?

ஆத்திரப்பட்டுச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அப்பாவுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, கால் கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"அப்பா, கெம்பஸ்ல இருந்து யாரும் பேசினாங்களா?"

"இல்லையே தாயி. பேசுனா ஒங்கிட்ட சொல்லமாட்டேனா?"

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பெட்டியைத் தூக்கி வந்த அப்பா அந்த நிமிஷமே எனக்கு இல்லாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் இருந்தவர் ஒரு நோயாளி, அவ்வளவுதான்.

மறுநாள் உருளைக்கிழங்கு அவித்தேன். தண்ணீரை வடிக்கவில்லை. அதிலேயே தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கினேன். நஞ்சு வைத்ததாக வெளியே பேசிக்கொள்கிறார்களாம். நான் எதையும் போடவில்லை, மேடம். எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதே கறியைத்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று எனக்குத் தெரியும்.

அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். "இந்தக் கைப்பக்குவத்த இத்தன நாளா எங்க தாயி ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். ஒரு வருடமாக அவர் உயிரைக் காப்பாற்றிய சாப்பாட்டுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர். எனக்கு உள்ளுக்குள் சுட்டது. அடுத்த நாள் கீரை வைத்தேன். அதற்கடுத்து மரவள்ளிக்கிழங்கு.

இடையில் கிளினிக் நாள் வந்தது. போயிருந்தால் இரத்தத்திலேயே தெரிந்திருக்கும். டாக்டர்மார் வேலைநிறுத்தம், போய்ப் பயனில்லை என்று சொன்னேன். சரி தாயி என்று படுத்துவிட்டார். இந்த விஷயத்தில் நான் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான். அவர் சொன்னதோடு ஒப்பிட்டால் அதுவும் பெரிதில்லை.

பிறகு கால் பலமில்லை, கை மரத்துப்போகிறது, நெஞ்சு ஒரு மாதிரி அடிக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். பரீட்சையில் அந்த அறிகுறிகளை ஒன்றுவிடாமல் எழுதியவள் நான். பயப்பட ஏதுமில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். நான் படித்தவள், நம்பினார். அன்று பின்னேரம் அவர் கேட்காமலேயே தம்பிலி வெட்டிக் கொடுத்தேன். குடிக்கலாமா என்று கேட்டுவிட்டு, நான் தலையாட்டியதும் அண்ணாந்து குடித்தார். கழுத்து வழியே வழிந்ததைத் துவாயால் துடைத்துவிட்டேன். காலையில் அம்மா தேத்தண்ணி கொண்டுபோனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. சிறுநீரக வியாதிக்காரர்தானே, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது ரஹ்மா மட்டும்தான். டவுனில் கடை வைத்திருக்கும் அப்துல் ரஸாக்கின் மகள். கெம்பஸில் என்னோடு ஒரே வகுப்பு, ஒரே அறை. செத்த வீட்டுக்கு வந்து, குசினி அடுப்போரம் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் சொன்னாள்.

"ஒங்கட அப்பா எங்கட கடைக்கி வந்து அழுதாங்க கலா. மகளோட எடத்த நானே இல்லாமச் செஞ்சிட்டன், அவ கேட்டப்பயும் பொய் சொல்லிட்டன், எப்பிடியாச்சும் திருப்பி எடுத்துக் குடுன்னு. நான்தான் ஒஃபிஸ்ல பேசிக் குடுத்தேன். நேத்துத்தான் சரி வந்திச்சி. அடுத்த பெட்ச்சோட நீ சேரலாம்."

எப்போது வந்தார் என்று கேட்டேன். கிளினிக் போய்வந்த மறுநாள் காலை என்றாள். முடிவெட்டப் போகிறேன் என்று அப்பா டவுனுக்குப் போன நாள் அது. திரும்பி வந்துதான் அந்த உருளைக்கிழங்குக் கறியைச் சாப்பிட்டார். உறுதியாகும்வரை என்னிடம் மூச்சு விடக்கூடாது, மறுபடியும் பிள்ளை ஏமாந்துவிடுவாள் என்று ரஹ்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

நான் அழவில்லை. ரஹ்மாதான் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக என்னென்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். கூடப் படித்தவள் கேட்டால் மறைப்பதா? எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். நேரே பொலிஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அறைத் தோழி என்று நம்பினேன், அவளும் இப்படிச் செய்துவிட்டாள்.

ரஹ்மா உங்களிடம் சொன்னதெல்லாம் சரி. அப்பாவைக் கொன்றது நான்தான். ஆனால் கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை ஏமாற்றியது அப்பாதான். சிங்களத்தில் மாற்றுகிறவர் இதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேடம்.