யாருக்குச் சிவப்பு எரியும்

— கைய விடுங்க யக்கா. அந்தக் கைதான சுவிட்ச அமுக்குச்சு?

— கம்முனு இரு கனகு. உள்ள பிரின்சிபால் ரூம்ல இன்னும் பேசிகினு கீறாங்க. கத்தி உன் வேலைய நீயே கெடுத்துக்காத.

— போனா போகட்டும். ரெண்டு வருசமா இந்தக் காலேஜுல ஒரே டிப்பார்ட்மென்ட். நான் சோசியாலஜி எடுக்கேன், நீங்க கிரிமினல் ஜஸ்டிஸ் எடுக்கீங்க. ஒரே டப்பால சோறு திங்கோம். நான் லைன்ல நின்ன கம்பெனியில நீங்க கேட்ல செக்யூரிட்டியா இருந்தீங்க, அது பழைய கதைன்னு நானே விட்டுட்டேன். மேசைக்கு அடியில சுவிட்ச் இருந்துச்சுன்னு ஒருநாளாவது வாயத் தொறந்தீங்களா?

— இன்னிக்குத் தொறந்தேனே. அத்தினி பேர் எதிர்க்க!

— அதுக்கு மால போடணுமாக்கும்?

— மாலைலாம் வேணாம், ஒரு டீ போதும். மாதாவே, இன்னா மொற மொறைக்கிற! ஆனா சும்மா சொல்லக் கூடாதுடி. டெமோ கிளாஸுக்குக் குடுத்த பாடத்தத் தூக்கிக் கடாசிட்டு போர்டுல கம்பெனி வாசல் கேட்டப் படமா வரைஞ்ச பாரு, அங்கயே நான் ஆடிப் போய்ட்டேன்.

— வேற என்ன செய்யச் சொல்லுதீங்க? இன்னைக்கு பெர்மனன்ட் ஆகலன்னா ஜூன்லேந்து வராதீங்கன்னுட்டாங்க. அம்பாசமுத்திரத்துக்குப் பெட்டியக் கட்ட வேண்டியதுதான். அந்தக் கரஸ்பாண்டன்ட் என் ஃபைல விரிச்சு வச்சுக்கிட்டு, ‘பிளஸ் டூவுக்கு அப்புறம் அஞ்சு வருஷம் கேப் இருக்கேம்மா, சும்மா இருந்தீங்களா’ங்காரு. சும்மாவா! மூணு ஷிப்டும் பாத்துக்கிட்டு தபால்ல டிகிரி படிச்சவ யக்கா நானு.

— எனக்கும் அதான் சுர்ருனு ஏறிச்சு. என் ஃபைல்ல ‘தொழிற்சாலைப் பாதுகாப்பில் எட்டு வருட அனுபவம்’னு கொட்ட எழுத்துல போட்டு வச்சிகீறாங்க. உன்னுது மட்டும் கேப்பாம். தடவிப் பாத்தவளுக்கு அனுபவம், கையத் தூக்கிகினு நின்னவளுக்கு கேப்பா?

— அத நீங்க உள்ளயும் சொன்னீங்களே. மனுசன் தண்ணி டம்ளரத் தேடுனாரு.

— நல்லா தேடட்டும். இன்டர்வியூக்கு யூனிவர்சிட்டிலேந்து வந்த அம்மாவப் பாத்தியா? நீ பட்டன் கதைய ஆரம்பிச்சதும் பேனாவக் கீழ வச்சிட்டாங்க.

— வைக்காம? ஷிப்ட் முடிஞ்சு வெளிய போற ஒவ்வொரு பிள்ளையும் பட்டன அமுக்கணும். பச்ச எரிஞ்சா செக்யூரிட்டி ஆபீசர் மேசையில பையத் தொறந்து காட்டிட்டு பஸ் ஏறலாம். செவப்பு எரிஞ்சா திரைக்கு உள்ள போயி ஒங்க முன்னால கையத் தூக்கிக்கிட்டு நிக்கணும், பொறவு பக்கவாட்டுக் கதவு வழியா வெளிய. மெசின் தானா எரியுது, யாரும் கோவிச்சுக்கிடக் கூடாதுன்னு போர்டு வேற! மத்தவளுக்கு மாசத்துல ஒரு நாளு. எனக்கு, நோட்டுல குறிச்சு வச்ச எழுவது நாள்ல அறுவத்திரெண்டு. கம்பெனி பஸ் போயிரும். மண்ணூர் ஹாஸ்டலுக்கு ஷேர் ஆட்டோ தேடிக்கிட்டு ரோட்டுல அழுதுக்கிட்டே நிப்பேன் யக்கா. திருடி மூஞ்சியா எனக்குன்னு கண்ணாடியில பாப்பேன்.

— அழுவாத. கண்ணத் தொடை.

— அழல. கோவம் வருது.

— ‘மெஷின் தானா எரியுதுன்னா ஒரே ஆளுக்கு எப்பிடிம்மா எரியும், நிரூபிக்க முடியுமா’னு அந்தம்மா கேட்டதும் பேந்தப் பேந்த முழிச்சியே.

— எங்கிட்ட நோட்டு இருக்கு, சாட்சி இல்லையே. அப்பதான் கடைசி பெஞ்சுல நீங்க எந்திரிச்சு, ‘நான்தான் மேடம் சாட்சி, சுவிட்ச் என் மேசைக்கு அடியில இருந்துச்சு, அமுக்குனது நான்தான்’னீங்க. பிள்ளைக பூரா ஓன்னு கத்துதுக. எனக்கு ஒங்களக் கட்டிப் புடிக்கவா, கழுத்த நெரிக்கவான்னு தெரியல. ஒங்க வேலையும் போயிரும்னு பயமில்லையா?

— இருந்துச்சு. பெஞ்சப் புடிச்சிகினுதான் நின்னேன்.

— ‘ஏன் இவங்களுக்கே அமுக்குனீங்க’ன்னு கேட்டாங்க. ‘அத அவகிட்ட சொல்லிக்கிறேன்’னுட்டீங்க. இந்தா நிக்கேன், சொல்லுங்க.

— இரு, யாரோ ஓடியாராங்க. இன்னா கோதண்டம், ஆபீஸத் தொறந்து போட்டுட்டு எங்க ஓடியார?

— மேடம்! கனகலட்சுமி மேடம்! அடிச்சீங்க பாருங்க சிக்ஸர்! பெர்மனன்ட்டு!

— அண்ணே, நெசமாவா? இன்னொரு மட்டம் சொல்லுங்க.

— நெசந்தான் மேடம். கரஸ்பாண்டன்ட் கையெழுத்துப் போட்டுட்டாரு. யூனிவர்சிட்டி அம்மா வுடவே இல்ல. கேப்னு போட்டிருந்தத அழிச்சிட்டு, ‘உற்பத்திப் பிரிவில் ஐந்து வருட அனுபவம்’னு போட்டாத்தான் ஆச்சுன்னு உக்காந்துட்டாங்க. இந்தக் கைதான் மேடம் டைப் அடிச்சிது!

— கோதண்டம், என்னுது?

— உங்க எட்டு வருஷம் அப்டியே கீது லூர்தம்மா மேடம். அதுக்குப் பக்கத்துலயே இவங்களுது. கீழ பாருங்க, தேர்ட் இயர் பொண்ணுங்க விசில் அடிச்சிகினு நிக்கிதுங்க. அதுல பாதிப் பொண்ணுங்களோட அம்மா கம்பெனியில தான வேல செய்றாங்க! நான் போயி ஸ்வீட்டுக்குச் சொல்றேன்.

— ஐயோ, யக்கா! கெடச்சிட்டு யக்கா! அஞ்சு வருசமும் அனுபவமாம்!

— பின்ன இன்னா? கெத்தா நிமுந்து நில்லுடி. ஊருக்குப் போனப் போடு, அம்மாகிட்ட சொல்லு.

— பொறவு போடுதேன். மொதல்ல பதிலு. என் மேல அப்படி என்ன வஞ்சம்?

— வஞ்சமா? பிரேக்ல லேபிள் உரிச்ச தாள்ல எழுதிகினே இருப்ப. எந்த சூப்பர்வைசர் எவளத் திட்டினான், எவ மயக்கம் போட்டு வுழுந்தா, எல்லாத்தையும். மடிச்சு சாப்பாட்டுப் பையில வச்சி எடுத்தும் போவ.

— அந்தத் தாள வச்சுதான டாக்டர் பட்டமே வாங்குனேன். ஒங்களுக்கு எப்படித் தெரியும்? என் பைய நீங்க ஒரு நாளும் தொறந்ததே இல்லையே. சோம்பேறிப் பொம்பளன்னுல்லா நெனச்சேன்.

— எனக்குத் தெரிஞ்சா பரவால்ல. ஆபீசருக்குத் தெரிஞ்சிபோச்சு. கம்பெனித் தாளோட புடிச்சா திருட்டுக் கேஸுனு, உன் ஐடி நம்பர மேசையில ஒட்டி வச்சிகினு உக்காந்திருந்தான். ‘லூர்து, அவ பைய நல்லா பாத்தியா’ன்னு தெனம் கேப்பான். ‘வெறும் டப்பாதான் சார்’னுவேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?

— சொல்லியிருந்தா பயந்துபோயி எழுதறத வுட்டிருப்ப. நீ எழுதணும்டி. எங்க கத எல்லாம் அதுல தான கெடந்துச்சு.

— அப்போ அந்த எட்டு நாளு மட்டும் எப்படிப் பச்ச எரிஞ்சுது?

— அன்னிக்கெல்லாம் அவன் லீவு. மத்த நாள்ல பச்ச எரிஞ்சா நீ நேரா அவன் மேசைக்குப் போவ. செவப்பு எரிஞ்சாத்தான்டி என்கிட்ட வருவ.