சாம்பல் படியாத இடம்

தொமினாகா: பேரு இருக்கே...

யாசுயோ: இல்லாம? உங்க அறக்கட்டளை எங்க சங்கத்துக்குக் குடுத்த வண்டி. உங்க பேரு இல்லாம எங்க தாத்தா பேரா இருக்கும்?

தொமினாகா: அதில்ல யாசுயோ சான். பேரே இல்லாம இந்த வண்டி ஓடுதுன்னு ஆபீசுக்குத் தகவல். அதான் நானே கிளம்பி வந்தேன்.

யாசுயோ: யாரு சொன்னது?

தொமினாகா: அது... சொல்லக் கூடாது.

யாசுயோ: சொல்ல வேணாம். நீங்களே பாத்தாச்சுல்ல? ரெண்டு பக்கமும், தெருக்கோடியில நின்னு படிக்கற மாதிரி. 'ஆதரவற்ற முதியோருக்கு ஷிரனே அறக்கட்டளையின் அன்பளிப்பு.' போட்டோ எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.

தொமினாகா: எடுத்துட்டேன்.

கிஹெய்: அக்கா, மணி எட்டே முக்கால். டயாலிசிஸுக்கு எட்டு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. ஆஸ்பத்திரி மெஷின் எனக்காக நிக்குமா?

தொமினாகா: நீங்கதான் டிரைவரா?

கிஹெய்: முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டினேன். ரிட்டயர் ஆனப்புறம் அக்கா பிடிச்சு இதுல உக்கார வச்சுட்டாங்க.

தொமினாகா: சகுராஜிமா எரிமலை இந்த வாரம் ரொம்பச் சாம்பல் கக்கிருச்சு போல?

கிஹெய்: மூணு நாளா விடல. வெளிய ஒரு துணி காயப்போட முடியல. வண்டியப் பாருங்க, அடுப்புல புரண்ட பூனை மாதிரி...

தொமினாகா: பாக்கறேன். கூரை, கண்ணாடி, கதவு எல்லாம் சாம்பல். பேர் எழுதின இடம் மட்டும் பளிச்சுனு இருக்கு. அளவெடுத்து வெட்டின மாதிரி.

யாசுயோ: அத மட்டும் துடைச்சோம். ஒரு மரியாதைக்கு.

தொமினாகா: துடைச்சா ஓரத்துல சாம்பல் இப்படி வரப்பு கட்டி நிக்காது. மேல எதையோ ஒட்டியிருந்தீங்க. நான் வர்றேன்னு தெரிஞ்சதும் எடுத்திருக்கீங்க.

கிஹெய்: நான் அப்பவே சொன்னேன் அக்கா, வண்டிய மொத்தமாக் கழுவிரலாம்னு...

யாசுயோ: நீ சும்மா இரு கிஹெய். ஆமா, ஒட்டினோம். புதுசா லைசன்ஸ் எடுத்தவங்க கார்ல ஒட்டிக்கிறாங்களே காந்தத் தகடு, அதுலயே பெருசு. வெள்ளை. வாங்கினது நான், ஒட்டினது நான். இவன் மேல பழி போடாதீங்க.

தொமினாகா: பேர மறைச்சா வண்டியத் திரும்ப எடுத்துக்கலாம்னு ஒப்பந்தத்துல நிபந்தனை இருக்கு. கீழ முத்திரை வச்சதும் நீங்கதான்.

யாசுயோ: வச்சேன். வண்டி கிடைக்குதேங்கற சந்தோஷத்துல, என்ன எழுதப் போறீங்கன்னு கேக்காமலே வச்சேன். என் புத்தியத்தான் சொல்லணும். முதல் வாரம் எத்தனை பேரு ஏறினாங்க தெரியுமா?

தொமினாகா: விண்ணப்பத்துல எட்டுன்னு...

யாசுயோ: ரெண்டு. மேட்டு வீட்டு உரியூ சான், வாசல்ல நிறுத்தாதீங்க, முனையில நில்லுங்கன்னு கெஞ்சினாங்க. கோல ஊனிக்கிட்டு நூத்திநாப்பது படி இறங்கி வந்தாங்க. முனையில பழக்கடைக்காரி அத சத்தமாப் படிச்சா. அதோட வர்றதையே நிறுத்திட்டாங்க. ரெண்டு தடவை டயாலிசிஸ் தவறி, கால் ரெண்டும் வீங்கி... ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனோம்.

தொமினாகா: நல்லதுக்குச் செஞ்சது. ஒரு வரியில என்ன...

யாசுயோ: என்னவா? மூணு புள்ள பெத்தவங்க. நாப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல ஊர்ப் புள்ளைங்களுக்குச் சமைச்சுப் போட்டவங்க. அவங்க வாசல்ல போய் 'ஆதரவற்ற'ன்னு எழுதி நிறுத்தறீங்க. குடுக்கறவங்க பேரப் போடுங்க, தலை குனிஞ்சு நன்றி சொல்றேன். வாங்கறவங்களுக்கு ஏன் பேரு வைக்கறீங்க?

தொமினாகா: இத எங்களுக்குக் கடிதமா எழுதியிருக்கலாம்.

யாசுயோ: மூணு எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு மூணு பதில். மூணுலயும் உங்க முத்திரை.

தொமினாகா: முத்திரை என்னுதுதான்.

யாசுயோ: இந்தாங்க சாவி. பிடிங்க. இப்பவே ஓட்டிட்டுப் போங்க. ஆனா எட்டு வீட்டுக்கும் நீங்கதான் படியேறிப் போய்ச் சொல்லணும், இன்னைக்கு வண்டி இல்லன்னு. எனக்கு வாய் வராது.

கிஹெய்: அக்கா, கொஞ்சம் பொறுமையா...

யாசுயோ: பொறுமையாத்தான் மூணு கடிதம் எழுதினேன். வண்டி இங்க இருக்கணும்னா தகடும் இருக்கும். ஒளிச்சு மறைச்சு இல்ல, அவர் கண்ணு முன்னாலயே ஒட்டறேன். எடுத்துட்டு வா.

கிஹெய்: எடுத்தாச்சு. இந்தப் பக்கம் ஒட்டியும் ஆச்சு.

தொமினாகா: கோணலா இருக்கு.

யாசுயோ: என்னது?

தொமினாகா: ஓரத்துல ஒரு எழுத்து எட்டிப் பாக்குது. கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க... ஆங், அவ்வளவுதான். சாவிய அவர்கிட்டயே குடுங்க, நேரமாகுது.

யாசுயோ: கிண்டலா? தகவல் சொன்னவங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க?

தொமினாகா: யாரும் சொல்லல. போன வாரம் துறைமுக ரோட்டுல நானே பாத்தேன். ஆபீசுக்கு அந்த போட்டோ போதும், அதுல பேரு தெளிவா இருக்கு.

யாசுயோ: அப்ப எதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்க?

தொமினாகா: அந்தத் தகடு பச்சை நிறத்துல கிடைக்குமா? எங்கம்மா ஊருக்கு நாங்க குடுத்த வண்டி பச்சை. அதுல இருக்கற வரியும் நான் எழுதினதுதான்... ரெண்டு மாசமா எங்கம்மா அதுல ஏறல.