சேவியர்ராஜ் மாமா விட்டுச்சென்ற கடுகளவு சிறுநீரகம்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, சங்கத் தலைவர் சிவசங்கர் அவர்களே, முதல் ஷிஃப்ட் முடித்து முகம்கூடக் கழுவாமல் இந்த நினைவஞ்சலிக் கூட்டத்துக்கு ஓடிவந்திருக்கும் சுரங்கத் தோழர்களே, முன்வரிசையில் என்னை நிமிர்ந்து பார்க்காமல் இருக்கும் என் அக்கா ஆரோக்கியம்மாளே! அனைவருக்கும் வணக்கம். நீங்கள் உட்காருங்கள். எனக்குத்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

என் அக்கா கணவர் சேவியர்ராஜ் அவர்கள் யார்? சுரங்கத்தின் ராட்சத மண்வெட்டி இயந்திரத்தை முப்பத்திரண்டு ஆண்டு ஓட்டிய மாமன்னர்! அவர் இருமினாலே இயந்திரம் ஸ்டார்ட் ஆகும்! ஜெர்மன்காரனே வந்து அவரிடம் பாடம் கேட்டான். எட்டாவது தாண்டாத நான்தான் மொழிபெயர்த்தேன்!

அப்பேர்ப்பட்டவருக்குச் சிறுநீரகம் போனது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரத்தம் ஊறச் சொல்லும் ஹார்மோனைச் சுரப்பதே சிறுநீரகம்தானாம். அது நின்றதும் மாமா வெளுத்துப்போனார். அப்போது நம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பவித்ரா, சென்னை ஆய்வகத்திலிருந்து வந்து அவரிடம் கொஞ்சம் இரத்தம் கேட்டாள். அதிலிருந்து ஸ்டெம் செல் உண்டாக்கி, கண்ணாடித் தட்டில் சிறுநீரகத் திசுவாக வளர்த்தாள். கடுகளவு!

நான் சும்மா இருந்தேனா? டீக்கடையில் நின்று, "எங்க மாமாவுக்குப் புது கிட்னி மெட்ராஸ்ல காய்ச்சிக்கினு இருக்கு, பண்ருட்டி பலா கணக்கா!" என்றேன். பிளாக் முழுக்கப் பரவியது. "எனக்கும் ஒண்ணு சொல்லி வைய்யா" என்று கருப்பசாமி அண்ணன் பெயரே கொடுத்துவிட்டார்!

பவித்ரா பதறிவிட்டாள். "கிளமென்ட் மாமா, அது வெச்சித் தைக்கிற கிட்னி இல்லீங்க. ஹார்மோன் எப்படி சுரக்குது, எதனால நின்னுபோவுதுன்னு பாக்கத்தான்" என்றாள்.

மாமா சிரித்தார். "எனக்கு ஆவாதுன்னு அந்தப் பொண்ணு மொதல்லயே சொல்லிடுச்சிடா கிளமென்ட். ஆவுறவங்களுக்கு ஆவட்டும். நீ வாயை மூடிக்கினு இரு."

மூடினேனா? என் அக்கா என்னையே நம்பினாள். கடைசி நாள்வரை, கிட்னி வந்துவிடும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கேட்கிறாள்: "வளத்து வெச்சிக்கினு ஏன்டா குடுக்கல? அவரே போனப்புறம் அது மட்டும் எதுக்கு உயிரோட?"

ஆய்வைத் தொடர அனுமதி கேட்டு ஆய்வகம் அனுப்பிய கடிதம் மூன்று நாளாக அவள் மடியில் கிடக்கிறது. கையெழுத்து இல்லையென்றால் அந்தத் திசுவை அழித்துவிடுவார்கள்.

அக்கா, உன்னை ஏமாற்றியது ஆய்வகம் அல்ல. நான்! மாமா உடம்பில் நின்றுபோன ஹார்மோன் அந்தத் தட்டில் எப்போது சுரக்கிறது, எப்போது குறைகிறது என்று பவித்ரா குறித்துக்கொண்டிருக்கிறாள். நாளை டயாலிசிஸ் கட்டிலில் படுக்கப்போகிறவர் யார்? இந்தப் பந்தலில் இருக்கும் யாரோ ஒருவர்தானே!

அன்பர்களே, மாமா பெயரால் சொல்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் இரத்தமும் வேண்டும் என்று பவித்ரா கேட்டபோது, ஊசிக்குப் பயந்து பஸ் ஏறி ஓடியவன் நான். செவ்வாய்க்கிழமை சென்னை போய்க் கையை நீட்டப்போகிறேன். அக்கா, நீ கையெழுத்துப் போட்டால் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். போடாவிட்டால், அதையும் நானே போய்ச் சொல்வேன். நீ சொன்னதை மட்டும். ஒரு வார்த்தை கூட்டாமல்.