கன்னியம்மா நட்ட கம்பு

சங்கரா மீன் இருக்கும்போது வஞ்சிரம் கேட்கிறவருக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. மாமல்லபுரத்துக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் வஞ்சிரம்தான் கேட்பார்கள். முகம் சுளிக்காமல் பொரித்துக் கொடுத்துப் பதினோரு வருடம் கடை நடத்தினேன். ஆத்திரக்காரன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. நடந்ததை எழுதச் சொல்லித் தாள் கொடுத்தீர்கள், நிதானமாகவே எழுதுகிறேன்.

என் பெயர் தர்மராஜ். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற வழியில், மணலில் கீற்றுக் கொட்டகை போட்டு நான்கு மேசை வைத்திருந்தேன். பக்கத்துக் குப்பத்துக் கன்னியம்மா வந்து மீன் கழுவிக் கொடுப்பாள்.

போன வருடம், 2006-ல், இன்டர்நெட்டில் ஆர்குட் என்று ஒன்று எல்லாரையும் பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் ஓட்டல் வைத்திருக்கும் ஜெகதீசன் தன் கடை பெயரில் அதில் ஆட்கள் சேர்ந்து பேசுகிற ஒரு கம்யூனிட்டி தொடங்கினான். ஒரே மாதத்தில் எண்ணூறு உறுப்பினர்கள். செங்கல்பட்டில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, நடிகைகளின் படத்தை ஒட்டி, எண்ணூறு பேரையும் அவனே பெற்றெடுத்தான். அதில் ஒரு ஆள் வந்து ஒரு இட்லி தின்றதில்லை. ஆனாலும் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். எனக்கு அந்தப் பொய்யைப் பார்த்தாலே குமட்டும். நாற்பது பேர் இருந்தாலும் போதும், உண்மையான அக்கறை உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் கடைக்கும் ஒரு கம்யூனிட்டி தொடங்கினேன். நான் ஒரு பொய் ஆளைக்கூடச் சேர்க்கவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஒரு படம், மூன்று வரி. செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குவது எப்படி என்று ஒரு நாள், காற்று திரும்பினால் நண்டு ஏன் குறைகிறது என்று ஒரு நாள். யார் என்ன கேட்டாலும் பேர் சொல்லிப் பதில் எழுதுவேன். பட்டணத்து ஜனங்கள் எதைக் கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. மீனுக்குத் தூக்கம் வருமா என்று ஒருவர் கேட்டார். அவருக்கும் எழுதினேன். ஏழு மாதத்தில் நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள்.

இப்போது கம்புக்கு வருகிறேன். எங்கள் கரையில் அலைக்கு அடியில் மணல் பறிந்து பள்ளம் விழும். அந்த இடத்தில் தண்ணீர் மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். பள்ளம் ஒரே இடத்தில் இருக்காது. கன்னியம்மா தினமும் விடிந்ததும் கரையோரம் நடந்து கடலைப் பார்ப்பாள். பள்ளத்துக்கு நேரே ஒரு சவுக்குக் கம்பை நட்டு, பழைய சிவப்புப் புடவைக் கிழிசலைக் கட்டி வைப்பாள். பள்ளம் நகர்ந்தால் கம்பும் நகரும். இங்கே இறங்காதே என்று அர்த்தம். குப்பத்தில் நடை பழகுகிற குழந்தைக்கும் அது தெரியும்.

இந்த மே மாதம் பள்ளம் என் கடைக்கு நேரே விழுந்தது. கம்பும் வந்தது. நீலக் கடல், வெள்ளை நுரை, முன்னால் படபடக்கிற சிவப்பு. படம் பிடித்துப் போட்டேன். ஒரே நாளில் அறுபது பேர் எழுதினார்கள். கம்யூனிட்டிக்கு அதையே முகப்புப் படமாக வைத்தேன்.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் விஷாகா என்று ஒரு பெண். அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் உறுப்பினர்களில் அவளைப் போல் அக்கறை உள்ளவர் யாரும் இல்லை. வஞ்சிரத்திலிருந்து சங்கராவுக்கு நான் மாற்றிய ஒரே ஆள் அவள்தான். “அண்ணா, அந்தச் சிவப்புத் துணி எதுக்கு?” என்று எழுதிக் கேட்டாள்.

ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தேன். வாசலிலேயே ஆளை விழுங்குகிற பள்ளம் இருக்கிறது என்று எழுதினால் கடைக்கு யார் வருவார்கள்? மீனவர்கள் கடலம்மாவுக்கு நேர்ந்து கட்டுவது, அங்கே கால் நனைத்தால் நினைத்தது நடக்கும் என்று எழுதினேன். எல்லாரும் உருகிப்போனார்கள். படித்தவர்கள்தான், ஐயா. உடனே ஒரு நாள் நேரில் கூட வேண்டும் என்றார்கள். ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, சிவப்புத் துணிக்குக் கீழே என்று முடிவானது.

முப்பத்தொரு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் ரத்தமும் சதையுமான ஆள். விஷாகா வீட்டில் செய்த மைசூர்பாகு ஒரு டப்பா கொண்டுவந்தாள்.

“நிஜமா நினைச்சது நடக்குமாண்ணா?” என்று கேட்டாள்.

“கால நனைச்சுப் பாரும்மா” என்றேன்.

என் கையில் காமிரா இருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று திரும்பிச் சிரித்தாள். அதை எடுத்தேன். அடுத்த படத்தில் அவள் இல்லை. குப்பத்து ஆட்கள் படகைத் தள்ளிக்கொண்டு போய் அரை மணி கழித்துக் கொண்டுவந்தார்கள்.

உள்ளூர்க்காரர்கள் யாரும் எச்சரிக்கவில்லையா என்று நேற்று கேட்டீர்கள். எச்சரிக்கக்கூடியவள் கன்னியம்மா ஒருத்திதான். வெள்ளிக்கிழமையே வந்து கத்தினாள்.

“இன்னா தம்பி, கம்பாண்ட நின்னுகினு போட்டோ புடிக்கிறாங்க ஜனங்க? நேர்ந்து கட்னதுன்னு எவனோ சொல்லிகீறானாம். எந்தப் பேமானி அவன்?”

“தெரியலக்கா.”

“ஞாயித்துக்கெழம நான் இங்கியே குந்திக்கினு கீறேன். எவனாச்சும் எறங்கட்டும், கால ஒடிச்சிடறேன்.”

செய்வாள். அவள் வாயும் மீன் வாடையும் என் ஆட்களுக்கு ஒத்துவராது. ஞாயிறு காலையில் ஒரு கூடை இறாலைக் கொடுத்து, செங்கல்பட்டில் என் தங்கை காயத்ரிக்கு உடம்பு சரியில்லை, கொடுத்துவிட்டு வா என்று பஸ் ஏற்றிவிட்டேன். என் தங்கைக்கு ஒரு தலைவலிகூட இல்லை.

“நீ பாத்துக்கோ தம்பி, யாரையும் எறக்காத” என்று ஜன்னல் வழியே சொன்னாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சாயங்காலம் திரும்பி வந்தவள் அதைத்தான் கேட்டாள். “பாத்துக்கிறேன்னியே.” அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. உங்களிடம் வந்து சொன்னதும் அவளாகத்தான் இருக்கும்.

கம்பைப் பிடுங்கினாயா, இடம் மாற்றினாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் தொடவே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

அந்தச் சிரித்த படத்தைப் போட்டு நாலு வரி எழுதினேன். முதல் நாளே நானூற்றுப் பன்னிரண்டு பேர் இரங்கல் எழுதினார்கள். ஒவ்வொன்றையும் படித்தேன்; ஒன்றுகூடப் பொய் இல்லை. ஜெகதீசன் தலைகீழாக நின்றாலும் அவனுக்கு அப்படி ஒரு கூட்டம் வராது. நாலே நாளில் என் கம்யூனிட்டியில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர்.

ஒரு வேண்டுகோள் மட்டும். பத்து நிமிடம் என்னை ஒரு பிரௌசிங் சென்டருக்கு அனுப்ப வேண்டும். விஷாகாவின் பதினாறாம் நாளுக்குக் கடற்கரையில் விளக்கேற்ற நிறையப் பேர் வருகிறார்களாம், எந்த இடத்தில் நிற்பது என்று கேட்டிருக்கிறார்கள். நான்தான் சொல்ல வேண்டும். என் வார்த்தையைத்தான் அவர்கள் நம்புவார்கள்.