ஒழுகறது உங்க பக்கம்தான் மச்சான்

...பேச மாட்டீங்க, சரி. பேசவே வேணாம் மச்சான். உங்க தங்கச்சியும் மூணு மாசமா வீட்டுல இதைத்தான் பண்றா. நான் சமையல்கட்டு வாசல்ல நிக்கறேன், அவ அடுப்புகிட்ட நிக்கறா, நடுவுல என் பொண்ணு. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு"ங்கறா. பொண்ணு என்னைத் திரும்பிப் பாத்து, "அப்பா, உங்களைச் சாப்பிட வரச் சொல்றாங்க"ங்கறா. எனக்குக் காது கேக்காதா? உங்க குடும்பமே அப்படி. கோவம் வந்தா வாயைப் பூட்டிச் சாவியை முழுங்கிடுவீங்க. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. இருக்கறதைச் சொல்லிடுவேன். சொன்னதுதான் இப்ப குத்தமாப் போச்சு.

நான் என்ன தப்பாச் சொன்னேன்? கீழ பல் ஆஸ்பத்திரி ஒழுகுது. ஒழுகுதா இல்லையா? நாக்காலியில ஒருத்தரு மல்லாக்கப் படுத்திருக்காரு. டாக்டரு "நல்லாத் தொறங்க"ன்னாரு. அவரும் நல்லாத் தொறந்தாரு. மேலேருந்து ஒரு சொட்டு, நேரா உள்ள. அந்த ஆளு கொப்பளிக்கற தண்ணின்னு நெனச்சுக் கொப்பளிச்சுத் துப்பிட்டாரு, பாவம். ரெண்டாவது சொட்டு கண்ணுல விழுந்தப்பறம்தான் எந்திரிச்சு உக்காந்தாராம். மேனேஜரு என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா உன் ஏசி ஒழுகுது"ன்னாரு. நான் மேல இந்த மொட்டை மாடிக்கு வந்து பாத்தேன். பாத்ததைச் சொன்னேன். "ஏசி ஒழுகல சார், தளம் ஒழுகுது"ன்னேன். மாடித் தளத்துக்குத் தண்ணி எறங்காம இருக்கப் பூச்சு போட்டது யாருன்னு அவரு கேட்டாரு. நான் பொய் சொல்லணுமா?

சரி, கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். அதனால என்ன, ரெண்டும் ஒண்ணுதானே.

நீங்க உளியைக் கையில வெச்சுக்கிட்டு இப்படி உக்காந்திருந்தா எப்படி? மதியத்துக்குள்ள ரெண்டு பேரும் ஒரே பதிலாக் கொண்டாங்கன்னு அவரு சொல்லி அனுப்பிச்சிருக்காரு. தளம்தான்னா நீங்க போட்ட பூச்சு மொத்தத்தையும் கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் போடணும். இந்த பில்டிங் மட்டும் இல்ல, அவரு கைவசம் இருக்கற மத்த நாலு பில்டிங்குக்கும் நீங்க இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாரு. அது எனக்கு வருத்தம்தான். சத்தியமா வருத்தம்தான். அப்படிப் பாக்காதீங்க. நான் அவ்வளவு தூரம் போகச் சொல்லல. "கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்க"ன்னுதான் சொன்னேன்.

கணக்கு பாருங்க மச்சான். பூச்சுக்கு முன்னாடி ஆறு வருஷம் நான் இந்த மெஷினைப் பாக்கறேன். ஒரு சொட்டு விழுந்ததுண்டா? நீங்க வந்து பூச்சு போட்டீங்க. அந்த வாரமே ஒழுக ஆரம்பிச்சுது. அடுத்த வாரம் இல்ல, அதே வாரம். இதுக்கு மேல என்ன வேணும்?

நீங்க தண்ணி கட்டிக் காட்டினீங்க, எனக்குத் தெரியும். மழைத்தண்ணி போற ஓட்டையெல்லாம் அடைச்சு, கணுக்கால் அளவு தண்ணி நிரப்பி, ரெண்டு நாள் நிறுத்தினீங்க. ஞாயித்துக்கிழமை ஒரு சொட்டு இல்ல. திங்கக்கிழமை காலையில ஆஸ்பத்திரி தொறந்து ஒரு மணி நேரத்துல ஒழுகிச்சு. ஞாயித்துக்கிழமை ஒழுகலையேன்னு நீங்க மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டினீங்க. ஞாயித்துக்கிழமை நாக்காலியில யாரு படுத்திருந்தா பாக்கறதுக்கு? அப்பறம், மழையே இல்லாத மாசத்துல தளம் எப்படி ஒழுகும்னு கேட்டீங்க. ஊறின தண்ணி மச்சான். உள்ள ஊறி, பதுங்கி இருந்து, மெதுவா எறங்கும். நான் அப்படித்தான் மேனேஜருக்கு விளக்கினேன். அவரும் தலையை ஆட்டினாரு. சொல்லும்போது எனக்கே கொஞ்சம் இடிச்சுது, ஆனா அவரு தலையை ஆட்டினப்பறம் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

இங்க வாங்க, என் மெஷினைப் பாருங்க. வெயில்ல உக்காராதீங்க, தலை சுத்தும், அதுக்கும் உங்க தங்கச்சி என்னைத்தான் கேப்பா. இப்படி நெழலுக்கு வாங்க. இந்தா, கதவைத் தொறந்து வெச்சிருக்கேன். இது சும்மா நிக்காது, உள்ள ஃபேன் இழுக்கற இழுப்புல தானா மூடிக்கும். அதனாலதான் கம்பி போட்டுக் கட்டி வெப்பேன். எப்பவும் இப்படித்தான் தொறந்து வெச்சுப் பாப்பேன். இந்தக் குளிர்ச் சுருள் மேல ஈரம் கோத்து, கீழ இந்தத் தட்டுல விழுது. தட்டுலேருந்து இந்தக் குழாய் வழியா வெளிய போகுது. பாருங்க, எப்படி ஓடுது. சும்மா ஊத்துத் தண்ணி மாதிரி. மேனேஜரையும் கூட்டிட்டு வந்து இதே எடத்துல நிக்க வெச்சுக் காட்டினேன். "நல்லா ஓடுதேய்யா"ன்னாரு. மூணு தடவை மேல வந்து பாத்தேன், மூணு தடவையும் நல்லா ஓடுது. ஓடற தண்ணி எப்படி ஒழுகும்? தட்டு காலியா இருக்கு, கையை விட்டுப் பாருங்க.

வேணாமா? சரி, உக்காருங்க. கதவுல சாஞ்சுக்கங்க, பரவால்ல. கம்பி நழுவிடுச்சு, இருக்கட்டும், கதவு மூடினா மூடிட்டுப் போகுது. முதுகுக்குச் சில்லுனு இருக்கும்.

நான் ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுல அன்னிக்கு எல்லாரும் உக்காந்து சாப்பிட்டப்ப என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா? "மாப்ள ஸ்க்ரூவைத் திருப்பறதைவிட நாக்கைத்தான் அதிகமாத் திருப்பறாரு"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. உங்க தங்கச்சி எல்லாரையும்விட அதிகமாச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது, வாயில சோறு இருக்கு. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல மச்சான். அம்பத்திமூணு வயசுல, பத்துப் பேரு முன்னாடி. நீங்க தமாஷுக்குச் சொன்னீங்க. எனக்கும் தெரியும். தெரிஞ்சும் போகல. சில சமயம் நானே என்னைக் கேட்டுப் பாப்பேன், இந்த ஆளு மேல உனக்கு என்ன அவ்வளவு காட்டம்னு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நானே பதிலும் சொல்லிப்பேன். தளம் ஒழுகுது, அவ்வளவுதான்...

என்ன காட்டறீங்க? குழாயா? குழாய்க்கென்ன.

தண்ணி நின்னிருக்கு.

நிக்காதே. இப்பத்தானே ஓடிச்சு. குப்பை ஏதாவது... இருங்க, காதை வெச்சுக் கேக்கறேன். களக் களக்குங்குது. காத்தை உள்ள இழுக்குது. மச்சான், கொஞ்சம் எந்திரிங்க. கதவைத் தொறக்கணும்.

ஓடுது பாத்தீங்களா? நான் சொன்னேன்ல. ஓடுது. உக்காருங்க.

நின்னுடுச்சு.

எந்திரிங்க... ஓடுது. உக்காருங்க. இல்ல, அப்படியே சாஞ்சு, கதவு நல்லா மூடட்டும். நின்னுடுச்சு. கொஞ்சம் அப்படியே இருங்க மச்சான், எந்திரிக்காதீங்க, ஒரு அஞ்சு நிமிஷம். சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கலையா, சரி, எனக்கு அப்படித் தோணிச்சு.

இப்ப தொறக்கறேன். நகருங்க.

தட்டு ரொம்பி வழிஞ்சிருக்கு. இதோ, ஓரமா, அந்தப் பக்கம் எறங்குது பாருங்க, கீழ போற காத்துக்குழாய்க்குள்ளேயே. நேரா நாக்காலிக்கு மேல.

நான் ஒரு தடவைகூட மூடிட்டுப் பாக்கல மச்சான். மூடினா எப்படிப் பாக்கறது? பாக்கறதுக்குத்தானே தொறக்கறோம். தொறந்தா ஃபேனோட இழுப்பு போயிடுது, தண்ணி பாட்டுக்கு ஓடுது. நான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, மூடி, நாலு ஸ்க்ரூவையும் முடுக்கிட்டுக் கீழ எறங்கறேன். நான் படியில பாதி எறங்கும்போதே இங்க தண்ணி நின்னு ரொம்ப ஆரம்பிச்சிருக்கும்.

இந்தக் குழாய்க்கு இங்க ஒரு வளைவு இருந்துச்சு. கீழ எறங்கி மேல ஏறற மாதிரி. அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கும், அதுதான் அடைப்பு, காத்து உள்ள போகாது, தண்ணி மட்டும் வெளிய போகும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். நீங்க பூச்சு போடறப்ப குழாயைக் கழட்டிக் குடுங்கன்னு கேட்டீங்கள்ல? கழட்டினேன். போட்டு முடிச்சுத் திரும்ப மாட்ட வந்தா, உங்க பூச்சு கனத்துல தளம் ஒரு விரக்கடை ஒசந்துடுச்சு. வளைவு இடிச்சுது, உக்கார மாட்டேன்னுது. தூக்கிக் கட்டறதுன்னா மறுபடி கடைக்குப் போகணும். அதுவும் இல்லாம அந்த வளைவுல மாசாமாசம் பாசி புடிக்கும், ஊதி ஊதி வாய் வலிக்கும். சனியன் ஒழிஞ்சுதுன்னு பிளேடை எடுத்து அறுத்துட்டு நேர்க்குழாயா வெச்சேன். ரெண்டு நிமிஷ வேலை. அதே வாரம்தான். அடுத்த வாரம் இல்ல.

மூணு மாசமா எனக்கு இது ஞாபகம் வரல. நெஜமா வரல. வராம நானே பாத்துக்கிட்டேனோ என்னவோ. ஒண்ணு மட்டும் தெரியுது. நீங்களாத்தான் இருக்கணும்னு எனக்கு ஒரு ஆசை இருந்துருக்கு. ஆளை முடிவு பண்ணிட்டு அப்பறம்தான் ஓட்டையைத் தேடியிருக்கேன்.

எங்க கெளம்பறீங்க? மச்சான், இருங்க. உளியை விட்டுட்டுப் போறீங்க. மேனேஜர்கிட்டயா? நீங்க சொல்லாதீங்க, நானே... அட, ஒரு வார்த்தை திட்டிட்டாவது போங்களேன்.

போயிட்டாரு.

ஆபீஸ் ரூமுக்குத்தான் போவாரு. போய் உக்காந்து, நிதானமா, என்னை நார் நாராக் கிழிப்பாரு. கிழிக்கட்டும். நான் மூணு மாசம் கிழிச்சேன்ல. இங்க மாடியிலேருந்தே தெரியுது... இல்லையே, ஆபீஸைத் தாண்டிட்டாரு. உள்ள எட்டிக்கூடப் பாக்கல. ஸ்கூட்டர்கிட்ட போறாரு. ஹெல்மெட்டை மாட்டறாரு. கெளம்பிட்டாரு.

அப்ப யாருக்கும் தெரியாது. ஒரு வளைவு வாங்கியாந்து மாட்டினா பத்து நிமிஷம். நாளையிலேருந்து சொட்டாது. ஊறின தண்ணி காஞ்சுடுச்சு சார்னு சொன்னா அந்த மனுஷன் அதுக்கும் தலையை ஆட்டுவாரு. மச்சான் வாயைத் தொறக்க மாட்டாரு, அந்த வம்சமே அப்படி. என்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டாரு பாரு. இதுக்குத் திட்டிட்டே போயிருக்கலாம்.

...ஹலோ. ஆமா சார், மேலதான் இருக்கேன். பாத்தாச்சு சார். இல்ல, அவரு போயிட்டாரு. அவரு ஒண்ணும் சொல்லல சார், நான்தான் சொன்னேன், மூணு மாசமா நான்தானே சொல்லிட்டிருக்கேன். தளம் நல்லாருக்கு. நெஜமா நல்லாருக்கு சார், தண்ணி கட்டிக்கூடக் காட்டினாரே. நீங்க ஒரு நிமிஷம் மேல வாங்களேன். இல்ல சார், போன்ல சொன்னா நான் சுத்தி வளைச்சு வேற எதாவது சொல்லிடுவேன். கதவைத் தொறந்து வெச்சுப் பாத்தா என் வேலையில ஒரு குத்தமும் இல்ல. இப்ப மூடிக் காட்டணும், அதுக்குத்தான் வரச் சொல்றேன்.