சாம்பல் பிடிக்காத கொடி

அண்ணி: அசையாத. கண்ணாடித் துண்டு எங்கெங்க கிடக்கோ... செருப்புகூட இல்லாம நிக்கிற.

தம்பி: கை வழுக்கிடுச்சு அண்ணி.

அண்ணி: இந்த வருஷம் நம்ம கலப்புத் திராட்சைக் கொடியில தேறினதே ஒரு பாட்டில் ஒயின்தான். நாளைக்குக் காலையில அதை ருசி பார்த்து, கொடியை வெச்சுக்கலாமா பிடுங்கலாமான்னு முடிவு சொல்லப் பண்ணை அதிகாரிங்க வர்றாங்க. இன்னைக்குப் பார்த்துக் கை வழுக்குது.

தம்பி: என் கைக்கு நாள் கிழமை தெரியாதே. ரெண்டு கொடியைக் கலக்க, பூமொட்டோட தொப்பியை இடுக்கியால கழட்டச் சொல்லுங்க, ஒரு மொட்டு உதிராது. பாட்டில்னாதான்...

அண்ணி: பீத்திக்காத. துடைப்பத்தைக் கொடு.

தம்பி: விடுங்க. ருசி பார்க்காம முடிவு சொல்ல முடியாது. அடுத்த அறுவடை வரைக்கும் கொடியைப் பிடுங்கவும் மாட்டாங்க.

அண்ணி: தம்பி... வழுக்கின பாட்டில் காலடியில உடையும். இது எதிர்ச் சுவத்துல உடைஞ்சிருக்கு.

தம்பி: கொஞ்சம் வேகமா வழுக்கிடுச்சு.

அண்ணி: சிரிக்க எனக்குத் தெம்பில்ல. காலையில இருந்து கண்ட ஒயினையும் வாயில ஊத்தித் துப்பி, நாக்கே மரத்துப்போச்சு.

தம்பி: பாட்டில்ல ஊத்துறப்பவே நான் ஒரு வாய் குடிச்சேன்.

அண்ணி: எப்படி இருந்துச்சு?

தம்பி: ருசி பார்க்கிறது உங்க வேலை. நான் கொடிக்காரன்.

அண்ணி: நாக்கு உனக்கும் இருக்குல்ல?

தம்பி: நனைஞ்ச நாய் படுத்து எழுந்த கம்பளி மாதிரி...

அண்ணி: காட்டுக்கொடி வாடை.

தம்பி: அதுக்கு அண்ணன் என்ன பண்ணுவார்? ருசிக்கு ஒரு கொடி, நோய் தாங்க ஒரு காட்டுக்கொடின்னு சேர்த்தார். ஊர்த் தோட்டமெல்லாம் சாம்பல் நோய்ல கருகுது, இதுல ஒரு இலையில புள்ளி உண்டா? ரெண்டு வீட்டுக் குணமும் வரும்னு கட்டிவெச்சா, மாமனார் மூக்கும் சேர்ந்து வந்துடுச்சு.

அண்ணி: தெரிஞ்சும் எதுக்கு இந்த நாடகம்?

தம்பி: உங்களுக்காகத்தான்.

அண்ணி: எனக்காகவா?

தம்பி: அண்ணன் கையால கலந்ததுல இந்தக் கொடி ஒண்ணுதான் மிச்சம். நாளைக்கு அதிகாரிங்க இதோட ஒயினை வாயில வெச்சதும் மூஞ்சியைச் சுளிப்பாங்க. நீங்க பக்கத்துல நின்னு அதைப் பார்க்கணும்... வேண்டாம்னுதான்.

அண்ணி: பைத்தியம்.

தம்பி: நீங்க மட்டும்? ஒவ்வொரு அறுவடைக்கும் 'இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்', 'இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்'... எனக்கும் முதுகு விட்டுப்போச்சு அண்ணி. இந்த ஒரு தடவை சுத்தி வளைக்காம சொல்லுங்க. இந்தக் கொடியோட ஒயின் என்னைக்காவது நல்லா இருந்துச்சா?

அண்ணி: இல்ல. முதல் அறுவடையில இருந்தே இல்ல. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு உன் அண்ணன் இதையேதான் கேட்டார். நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அந்தச் சந்தோஷத்தோடதான் போனார். அதுக்கப்புறம் உன்கிட்ட மாத்திச் சொல்ல... எனக்கு வாய் வரல தம்பி.