சூடேறியதும் இறங்கிய முள்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. ஒர்க்‌ஷாப்பில் நின்றே காலம் தள்ளியவனுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் இடுப்பு வலிக்கும். பரவாயில்லை, சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சுப்பிரமணி. வடக்குப்பட்டில் கார் மெக்கானிக். மகள் சசிரேகாவைத் தாயில்லாமல் வளர்த்தேன். அவள் கணவர் எழிலரசன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தங்கமான பிள்ளை; அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் என் வீட்டில்தான் இருந்தார்கள். அப்புறம் அவருக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. காரிலேயே போய்விடலாம் என்று, புகை தள்ளிக்கொண்டிருந்த தன் பழைய காரை என்னிடம் விட்டார். என்ஜினை முழுசாகப் பிரித்துப் பூட்டினேன்.

அப்படிப் பூட்டிய என்ஜினில் ஆயில் பிரஷர் பார்க்காமல் வண்டியை வெளியே விடக்கூடாது. பிரஷர் காட்டும் கேஜை மாட்டி ஸ்டார்ட் செய்தபோது மாப்பிள்ளையும் கூடவே நின்றார்.

"முள்ளு சும்மா ஜம்முனு ஏறுது மாமா. அவ்ளோதான, கெளம்பலாம்ல?" என்றார்.

குளிர்ந்த என்ஜினில் முள் அப்படித்தான் ஏறும். சூடேறி ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை ஓடவிட்டால்தான் உண்மை தெரியும். அவர் சாப்பிடப் போன பிறகு ஓடவிட்டுப் பார்த்தேன். முள் இறங்கி அடியில் படுத்துவிட்டது. பழைய ஆயில் பம்பையே திரும்பப் போட்டிருந்தேன், அது தேய்ந்திருந்தது. அது என் கவனக்குறைவு, வேறொன்றுமில்லை. புதுப் பம்ப் அலமாரியிலேயே இருந்தது.

நான் மாற்றவில்லை. டேஷ்போர்டில் ஆயில் பிரஷருக்கான சிவப்பு விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று அதன் வயரையும் கழற்றிவிட்டேன். சசிரேகா இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது, ஐயா. ஆயில் ஏறாமல் வழியில் என்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும், வண்டி நின்றுவிடும், எனக்கு போன் செய்வார்கள், போய்க் கூட்டிவந்துவிடலாம். இவ்வளவுதான் நினைத்தேன். விபத்து நடக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன்.

சுங்குவார்சத்திரம் தாண்டியதும், ஓடுகிற வேகத்திலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்துப்போய், ஓரமாக நின்ற கண்டெய்னர் லாரியில் மோதியது. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். அவர் சாவில் என் அளவுக்கு அழுதவர் யாருமில்லை. சசிரேகாவுக்குக் கை எலும்பு முறிந்ததோடு சரி. இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். நான்தான் ஊட்டிவிடுகிறேன். சின்ன வயதில் செய்த மாதிரியே தலையும் பின்னிவிடுகிறேன். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேற்று சோறு ஊட்டும்போதுதான் வாய் திறந்தாள்.

"எப்பவும் நான் முன்னாடிதானப்பா குந்துவேன். அன்னிக்கு மட்டும் ஏன் என்ன பின்னாடி குந்த வெச்சி, நீயே பெல்ட்டும் போட்டு வுட்ட?"

"முன்னாடி மூஞ்சில வெயில் அடிக்கும்மா, அதான்" என்றேன்.

அன்று விடிந்ததிலிருந்தே மழை, ஐயா.